பயிர்க்காவலும் படைக்கலச் சட்டமும்

உழவர்க்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் மாணவர் வினவக்கூடும். குறிஞ்சித் திணையைக் கருத்துடன் பாடங்கேட்டவர் அவ்வாறு வினவார். விளைந்த தினையைக் கிளியும் கேழலும் யானையும் கொள்ளாமல் காப்பது அன்று ஒரு தனித் தொழில். அதற்கெனப் பரண் இருந்தது, தழல், தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகள் இருந்தன, கவண் இருந்தது, இரவும் பகலும் காவல் இருக்க மகளிரும் மைந்தரும் இருந்தனர். களவொழுக்கத்தைக் காண்பதற்கென்றே நாம் அத்தினைப்புனத்திற்குள் நுழைந்து பழகிவிட்டோம். ஆதலின் அங்கு நடைபெற்ற காவல் நம் கண்ணிற் படுவதில்லை.

பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாத்தில் ஓர் இடம் உண்டு. கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் புலவர், வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறார். புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் அது நுழையும் வழிதோறும் பெருங்கற்பொறிகளை அமைத்திருப்பர். ஆகவே இருளில் நடவாதீர், பொழுது விடிந்தபின் செல்வீர் என்பது அவர் கூறும் அறிவுரை. பன்றிக்கென வைத்த பொறியில் மனிதர் அகப்பட்டுவிடலாகாது என்னும் கவலை அந்நாளிலேயே இருந்திருக்கிறது. இக்கட்டுரை முழுவதற்கும் அந்தக் கவலையே அடிப்படை.

நன்னனுடைய செங்கண்மா இன்றைய செங்கம். அப்பகுதியில்தான் தென்பெண்ணையை மறித்துச் சாத்தனூர் அணை நிற்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், பெஞ்சல் புயல் மழையை ஒட்டி அவ்வணையிலிருந்து நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட வெள்ளம் பாகூர்க் கொம்யூனின் ஆற்றோரச் சிற்றூர்களுக்குள் புகுந்ததை நாம் அறிவோம். அவ்வாற்றோர ஊர்களுள் ஒன்று சோரியாங்குப்பம். நெல்லும் கரும்பும் மணிலாவும் மரவள்ளியும் விளையும் மண். ஆற்றுக்கு இப்பால் புதுச்சேரி, அப்பால் கடலூர் மாவட்டம்.

எம் மாணவர் ஒருவர் இல்லத்துக்கு அவ்வூர் சென்றிருந்தபோது, அறுவடைக்கு இருபது நாளே இருந்த மணிலாக் கொல்லை ஒன்றைக் காட்டினர். ஏர் கட்டி உழுததுபோல் அரைக்காணி நிலம் புரண்டு கிடந்தது. ஆற்றுப்படுகையின் நாணலிலும் சீமைக்கருவேல் புதரிலும் பகலில் படுத்திருந்து இரவில் கரையேறும் காட்டுப்பன்றிகளின் வேலை என்றனர். கொல்லையைச் சுற்றிப் பழம்புடவைகள் கட்டப்பட்டிருந்தன. தகரம் தட்டியும் வெடி கொளுத்தியும் விரட்டிப் பார்த்திருக்கின்றனர். “பாய், பட்டாசு போட்டா மொத நாளு ஓடும். ரெண்டாம் நாளு நின்னு பாக்கும். மூணாம் நாளு அது பாட்டுக்கு மல்லாட்டையத் தோண்டித் தின்னுகிட்டே இருக்கும்” என்றார் நிலத்துக்குரியவர். எழுபதைக் கடந்தவர். தம் தாத்தனிடம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்ததென்றும், அவர் இறந்தபின் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததோடு சரி என்றும், உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றித் தருமாறு நடந்து நடந்து ஓய்ந்ததாகவும் சொன்னார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. அருகிலிருந்த இளைஞர் பம்புசெட்டுக் கொட்டகையின் பக்கம் பார்த்தார்.

அப்பார்வையின் பொருளை நாளிதழ் படிப்பவர் அனைவரும் அறிவர். பம்புசெட்டுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து, முழங்கால் உயரத்தில் வயலைச் சுற்றி ஓடவிடுவது. எலிக்கு வைப்பாரும் உளர், பன்றிக்கு வைப்பாரும் உளர். செலவு சில நூறு ரூபாய், உரிமம் வேண்டியதில்லை, விண்ணப்பம் வேண்டியதில்லை. அக்கம்பிக்குப் பன்றி எது, நாய் எது, பால் கறக்க விடியலில் வரப்பில் நடப்பவர் யார், நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததென்று மடை திருப்ப ஓடுபவர் யார் என்று தெரியாது. வடதமிழ்நாட்டில் இவ்வாறு இறந்தவர்களைப் பற்றிய செய்தி வாராத பருவம் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் கூலியாள்கள், குத்தகைக்காரர், பக்கத்து வயற்காரர். சில நேரங்களில் வேலி போட்டவரே இறக்கிறார். சில நேரங்களில் அவருடைய மகன். மலைபடுகடாத்துப் புலவர் வழிநடப்போர்க்குத் தந்த எச்சரிக்கையைத் தர இங்கே எவரும் இல்லை. திருட்டு மின்சாரத்தைப் பறைசாற்றி எவர் வைப்பார்?

விலங்குகளின் கதியும் அதுவே. 2023 மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே உழவர் ஒருவர் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மூன்று யானைகள் விழுந்து மடிந்தன; உயிர் தப்பிய இரு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்த படத்தைக் கண்டவர் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தனி விதிகள் கொண்டு வந்தது. 2020 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில் வெடி பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஆற்றுநீரில் நின்றபடியே உயிர் நீத்தது. அவ்வகை வெடியை நம் பக்கத்தார் அவுட்டுக்காய் என்பர். அதுவும் பன்றிக்கு வைப்பதுதான்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். துப்பாக்கி என்றாலே நம் நாட்டில் எவர்க்கும் கிடையாது என்றொரு பொதுநினைப்பு நிலவுகிறது. அது தவறு. (துப்பாக்கி என்பது துருக்கிய மொழிவழி வந்த சொல் என்று அகராதி கூறும். வான்சிறப்பு அதிகாரத்திலேயே அச்சொல் இருக்கிறதென்று எழுந்து நின்று சொல்லும் மாணவர் எம் வகுப்பில் ஆண்டுக்கு ஒருவரேனும் வாய்க்கிறார்.) 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் துப்பாக்கிகளை ஒரே தட்டில் வைத்து எடை போடவில்லை. கைத்துப்பாக்கியை, அதாவது பிஸ்டல், ரிவால்வர் ஆகியவற்றை, ஒருவர் கேட்டால் அவருக்கு அது வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டென்று உரிமம் வழங்கும் அதிகாரி மனம் நிறைவடைதல் வேண்டும். ஆனால் வாய்வழி மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலின்பொருட்டு ஒருவர் கேட்டால், சட்டத்தின் 13ஆம் பிரிவு அவருக்கு உரிமம் வழங்குதல் வேண்டும் என்றே பேசுகிறது. வழங்கலாம் என்று பேசவில்லை. அவ்வகைத் துப்பாக்கி போதாதென்று அதிகாரி கருதினால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்ற இடமும் அதிலேயே உண்டு. அடுத்த பிரிவோ, விண்ணப்பிப்பவரிடம் போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமத்தை மறுத்தலாகாது என்கிறது.

இவ்விரண்டாம் கூற்றைப் படித்தபோது யாம் வியந்தோம். மிராசுதார் வீட்டுக் கூடத்தில் மான்கொம்புக்குக் கீழே இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கியதையும், அவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவன் இரவெல்லாம் தகரம் தட்டியதையும் கண்ட மண் இது. நிலமுடையவனுக்கு மட்டும் ஆயுதம் என்றிருந்த வழக்கத்தைச் சட்டம் செய்தோர் அறிந்தே அறுத்திருக்கின்றனர். குத்தகைக்காரனும் கேட்கலாம். கேட்டவன் எத்தனை பேர், பெற்றவன் எத்தனை பேர் என்பது வேறு.

சட்டத்தில் இத்துணைத் தெளிவு இருந்தும் நடைமுறையில் அது கலங்கியது ஏன்? எமக்குத் தோன்றும் காரணம் இது: ஆட்சியின் அச்சம் எப்போதும் கைத்துப்பாக்கியைக் குறித்தே எழுந்தது, அதன் நிழல் வயல் துப்பாக்கியின்மேலும் விழுந்துவிட்டது.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இது விளங்கும். லிட்டன் பிரபு காலத்தில், 1878ஆம் ஆண்டில், இரு சட்டங்கள் வந்தன. ஒன்று தாய்மொழி இதழ்களின் வாயைக் கட்டியது. மற்றொன்று இந்தியர் கையிலிருந்த படைக்கலத்தைப் பிடுங்கியது. ஐரோப்பியர்க்கு அப்பிடுங்கலிலிருந்து விலக்கு உண்டு. இதழ்ச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளில் நீக்கினார். படைக்கலச் சட்டத்தை அவரும் நீக்கவில்லை. விடுதலை பெற்று ஒரு பத்தாண்டு கடந்தும் அது நின்றது. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரசுப் பேரவை அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டபோது, விதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் அப்பட்டியலில் சேர்த்தது. 1948இல் அரசியல் நிருணய சபையில் எச்.வி. காமத் அதற்கெனத் திருத்தம் கொண்டு வந்தார், அது ஏற்கப்படவில்லை. நம் அரசமைப்பில் அவ்வுரிமை இல்லை. இல்லாதிருப்பதே நன்று என்பது எம் கருத்தும் ஆகும்.

பாகூர்ப் பக்கத்தில் 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் பீரங்கி கொண்டு மோதினர். பின்னாளில் தென்பெண்ணைக்கு அப்பால் ஆங்கிலச் சட்டம், இப்பால் பிரெஞ்சுச் சட்டம் என்றாயிற்று. 1878ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. புதுவையைப் புகலிடமாகக் கொண்ட வ.வே.சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குச் சுடும் பயிற்சி தந்தார் என்பதையும், 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் ஒரு பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டார் என்பதையும் வரலாற்று மாணவர் அறிவர். மடியில் மறையும் சிறு கருவி ஓர் ஆட்சியை எத்துணை நடுங்க வைக்கும் என்பதை ஆங்கிலேயர் அன்று கண்டனர். அந்நடுக்கத்தைக் குறை கூற முடியாது. மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. ஆளுயரத்துக்கு நீளும், ஒரு முறை சுட்டபின் மருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டித்து மறுமுறை சுடுவதற்குள் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்னும் நாட்டுத் துப்பாக்கியை எவன் மடியில் மறைப்பான்?

பிறநாடுகள் இவ்வேறுபாட்டைப் போற்றியிருக்கின்றன. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்டபின், பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றாகவே தடை செய்தது. அத்துணைக் கடுமையான சட்டத்திலும் காயமுற்ற கால்நடையை வேதனையின்றிக் கொல்வதற்கும், பயிர் தின்னும் சிற்றுயிர்களைச் சுடும் ஒருவகைச் சிறுதுப்பாக்கிக்கும் விலக்கு வைத்தனர். உழவரின் நீள்குழல் துப்பாக்கிகளில் அச்சட்டம் கைவைக்கவில்லை. அவை வேறு உரிமத்தின்கீழ் நின்றன. அதே 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் முப்பத்தைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஆஸ்திரேலியா அரைத்தானியங்கித் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. எனினும் நிலம் உழுது பிழைப்பதை உரிமம் பெறுவதற்குத் தக்க காரணங்களுள் ஒன்றாக ஏற்றது. கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. அதனால் உழவரின் நீள்குழல் துப்பாக்கி விற்பனை நின்றுவிடவில்லை. கடுமையும் பகுத்தறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவை சான்று.

நம் சட்டமும் ஏட்டளவில் அப்படியே இருக்கிறது என்றோம். நடைமுறையைப் பார்ப்போம். விண்ணப்பம் மாவட்ட நடுவர்க்குச் செல்லும். அவர் காவல் துறையின் அறிக்கையைக் கேட்பார். 2016ஆம் ஆண்டு விதிகள் அவ்வறிக்கைக்கும் முடிவுக்கும் காலவரை வைத்துள்ளன. உரிய காலத்தில் அறிக்கை வாராவிடில் அதற்காகக் காத்திராமலே ஆணை பிறப்பிக்கலாம் என்று சட்டமே இடந்தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும், மேல்முறையீடும் உண்டு. சோரியாங்குப்பத்து முதியவர் இவற்றுள் எதையும் அறியார். அவர் அறிந்ததெல்லாம் ஓர் அலுவலகத்தில் நாளை வா என்றதும், மறுநாள் வந்தபோது எதுக்குய்யா உனக்குத் துப்பாக்கி, யாரைச் சுடப்போறே என்று கேட்டதுந்தான். அக்கேள்வியில் இருப்பது பன்றியைப் பற்றிய கேள்வி அன்று. கைத்துப்பாக்கியைக் கேட்டவனிடம் கேட்க வேண்டியதை மணிலாக் கொல்லைக்காரனிடம் கேட்டிருக்கின்றனர்.

உரிமம் வைத்திருப்போர் நிலையும் எளிதன்று. தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும். யாருடையதை வாங்குவது, யாருடையதை விடுவது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய ஒரு குழு உண்டு. ஆயினும் பெரும்பாலும் எல்லாரும் ஒப்படைக்கும்படியே சொல்லப்படுகின்றனர். வங்கிக் காவலர்க்கு விலக்கு உண்டு; துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்க்கு விலக்கு உண்டு; பயிர்க்காவலர்க்கு இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். நடத்தை நெறிகள் மார்ச்சு 16இல் தொடங்கின. தமிழகத்திலும் புதுவையிலும் வாக்குப்பதிவு ஏப்ரல் 19இலேயே முடிந்தது. நாட்டின் பிற பகுதிகளின் பொருட்டு நெறிகள் சூன் 6 வரை நீடித்தன. ஏறக்குறைய மூன்று மாதம். நவரை நெல் கதிர் முற்றுவதும் மாசிப்பட்டத்து மணிலா பறிப்பதும் அம்மூன்று மாதத்தில்தான். பன்றிக்கு நடத்தை நெறி இல்லை.

இன்னொன்று இருக்கிறது; அது புதுவைக்கே உரியது. ஓர் உரிமம் அதில் எழுதப்பட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லும். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் வரைபடத்தைப் பார்த்தவர் அறிவர். தைத்த துணியின் ஒட்டுகளைப்போல் புதுவை நிலமும் தமிழக நிலமும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஒரு வரப்பு புதுவை, அடுத்த வரப்பு விழுப்புரம் அல்லது கடலூர். தன் வீட்டிலிருந்து தன் வயலுக்குச் செல்பவனே இரு அரசுகளின் எல்லையைக் கடக்க நேரிடும். உரிமத்தில் அடுத்த மாவட்டம் எழுதப்படாவிட்டால், தோளில் துப்பாக்கியோடு அந்த வரப்பில் கால் வைத்த கணமே அவன் குற்றவாளி. பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் வரப்பைக் கூறுபோட்டதன் விளைவை 1954க்குப் பின்னும் உழவன் சுமக்கிறான்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். ஊர்தோறும் துப்பாக்கி கொடுத்தால் என்ன ஆகும்? வாய்க்கால் தகராறில் மண்வெட்டி தூக்குபவன் துப்பாக்கி தூக்கமாட்டானா? சாதிப் பூசல் எழும் ஊரில் உரிமம் எந்தத் தெருவுக்குப் போகும்? இவை வெறும் அச்சமல்ல. 2016ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் நடப்பிலிருந்த உரிமங்கள் ஏறத்தாழ 33 லட்சத்து 69 ஆயிரம். அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். உத்தரப் பிரதேசத்தில் பயிரைப் பன்றி தின்னவில்லை என்று எவரும் சொல்லிவிட முடியுமா? அங்கும் தின்கிறது. அத்தனை லட்சம் துப்பாக்கிகளுட் பல, வீட்டின் பெருமைக்கும் திருமண ஊர்வலத்தில் வானைச் சுடுவதற்குமே பயன்பட்டன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய படைக்கலங்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், கொண்டாட்டத்தில் சுடுவதைத் தனிக்குற்றம் ஆக்கியதும் இதனாலேயே. அத்திருத்தத்தை யாம் வரவேற்கிறோம். தமிழகத்தின் சிறிய எண்ணிக்கை நமக்கு நாணம் தருவதன்று, பெருமையே தருகிறது. குடகில் கொடவர்க்கு ஆங்கிலேயர் காலம் முதல் உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019இல் நடுவணரசு அதை 2029 வரை நீட்டித்தது. துப்பாக்கியைத் தொழுது ஆண்டுதோறும் விழா எடுக்கும் மரபு அவர்களுடையது. அம்மரபு நமக்கில்லை, அந்த விலக்கை நாம் கேட்கவும் வேண்டா.

ஆதலின் வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று யாம் கூறவில்லை. கைத்துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாட்டைத் தளர்த்துக என்றும் கூறவில்லை. உழவனுக்குக் கைத்துப்பாக்கியால் பயனே இல்லை. ஓடும் பன்றியை அதனால் வீழ்த்த முயல்பவன் அதைக் காயப்படுத்தித் தன்மேலேயே பாயவிட்டுக்கொள்வான். யாம் கேட்பது, சட்டம் ஏற்கெனவே பிரித்து வைத்ததை அலுவலகமும் பிரித்துப் பார்த்தல் வேண்டும் என்பதே.

அவ்வாறு பிரித்துப் பார்த்த முயற்சிகள் சில நம் அண்டையில் நடந்துள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே, நிற்கும் பயிருக்கு ஊறு செய்யும் விலங்கைக் கொல்ல உரிய அதிகாரி எழுத்தில் ஆணை தரலாம் என்கிறது. கேரளம் 2022இல் அவ்வதிகாரத்தை ஊராட்சித் தலைவர் வரை இறக்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கியுடையோரின் பட்டியலை ஊராட்சி வைத்திருக்கும். உழவர் முறையிட்டால் தலைவர் ஆணையிடுவார். பட்டியலிலுள்ளவர் வந்து சுடுவார். உடலை முறைப்படி புதைத்துவிடுவர். நல்ல ஏற்பாடு. அங்கும் பல ஊர்களில் தடைபட்டது எதனால் எனின், சுடுவதற்கு உரிமம் பெற்ற ஆளில்லாமையால். பயிர்க்காவல் உரிமங்களை ஆண்டாண்டாகப் புதுப்பிக்காமல் விட்டபின் ஆள் எங்கிருந்து வருவார்? பீகாரில் 2015 இறுதியில் நீலான் என்னும் விலங்கையும் காட்டுப்பன்றியையும் சில மாவட்டங்களில் தீங்குயிர் என அறிவித்தனர். 2016இல் மொக்காமா வயல்களில் நீலான்களைச் சுட ஐதராபாத்திலிருந்து வேட்டைத்திறனாளரை வரவழைக்க நேர்ந்தது; பெருங்கூச்சல் எழுந்தது, நடுவண் அமைச்சர்களுக்குள்ளேயே சொற்போர் நடந்தது.

தமிழக அரசு 2025 சனவரியில் காட்டுப்பன்றி குறித்து ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடலாகாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்து மீண்டும் காட்டில் விடுதல் வேண்டும். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர் சுடலாம். உழவன் சுடலாகாது. இது ஓர் அடி முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரவு இரண்டு மணிக்குக் கொல்லையில் இறங்கும் பன்றிக்கூட்டத்தை, மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சென்று, குழு கூடி, வனவர் வந்து சுடுவதற்குள் மணிலாவின் கதை முடிந்திருக்கும். மேலும் அவ்வாணை புதுவைக் கொம்யூன்களுக்குச் செல்லாது. பன்றியோ தென்பெண்ணையை நீந்திக் கடக்க எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. அப்பால் சுடப்படத்தக்கதாய் இருந்த விலங்கு நடுவாற்றைக் கடந்ததும் வேறொரு நிருவாகத்தின் உயிராகிவிடுகிறது.

எம் கருத்து இதுதான். பாகூர்க் கொம்யூனுக்கு ஐந்தாறு பேர் போதும், வில்லியனூருக்கும் அவ்வளவே. முன்னாள் படைவீரர், காவல் பணியில் ஓய்வு பெற்றோர், முன்பே நாட்டுத் துப்பாக்கி உரிமம் வைத்திருந்த குடும்பத்தார் ஆகியோருள்ளிருந்து, எல்லாத் தெருவாரும் இடம்பெறத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்துப் பயிர்க்காவல் உரிமம் தருதல் வேண்டும். நரிக்குறவப் பெருமக்களையும் இங்கே மறந்துவிடலாகாது. பயிர் காக்க உழவர் அவர்களை அழைத்த காலம் உண்டு. குறிபார்த்தலில் அவர்களுக்குள்ள கைத்தேர்ச்சி எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைப்பதன்று. துப்பாக்கிகள் அவரவர் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திலேயே பூட்டில் இருக்கட்டும். அழைப்பு வந்த இரவில் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று, விடிந்ததும் எண்ணிக் கொடுத்த தோட்டாவுக்குக் கணக்குச் சொல்லித் திருப்பித் தரட்டும். வாய்க்கால் தகராற்றில் துப்பாக்கி எடுக்கப்படும் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல விடை எமக்குத் தோன்றவில்லை. தேர்தல் காலத்திலும் இவ்வேற்பாட்டுக்குத் தடை எழக் காரணம் இல்லை. துப்பாக்கிதான் ஏற்கெனவே காவல் நிலையத்தில் இருக்கிறதே. எடுப்பதற்கு மட்டும் அக்குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுவிடலாம்.

சுட்டே தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. ஓரிரவு சுட்டால் பல இரவுகள் கூட்டம் அப்பக்கம் வாராது என்பது உழவரின் பட்டறிவு. ஆற்றுப்படுகையிலுள்ள கருவேலம் புதரை அழிப்பதும், பயிரிழப்புக்கு அப்பருவத்திலேயே ஈடு வழங்குவதும் உடன் நடத்தல் வேண்டும். ஈடு ஓராண்டு கழித்து வருமாயின் கம்பி இன்றிரவே கட்டப்படும்.

கம்பியைக் குறித்து ஒன்று. மின்திருட்டுக் குற்றம், கவனமின்மையால் இறப்பு, சில வழக்குகளில் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று உழவர்மேல் வழக்குகள் பாய்கின்றன. பாயத்தான் வேண்டும். உயிர் போயிற்றென்றால் அதற்குக் கணக்கு உண்டு. ஆயினும், பட்டப்பகலில் விண்ணப்பத்தோடு வந்தவனை எதுக்குய்யா உனக்கு என்று திருப்பி அனுப்பிய மேசைக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டென்றே யாம் கருதுகிறோம். உரிமம் கேட்டவனை அரசு அறியும். அவன் பெயர், முகவரி, துப்பாக்கியின் எண், தோட்டாவின் தொகை அனைத்தும் ஏட்டில் இருக்கும். கொக்கி போட்டவனை, வரப்பில் ஒரு பிணம் கிடந்த பின்னரே அறியும்.

பிற செலவுகளுக்குக் காலமாகலாம். உரிமத்தின் எல்லைக் கட்டத்தில் இன்னொரு மாவட்டத்தின் பெயரை எழுதச் செலவில்லை. புதுவையிலும் கடலூரிலும் உரிமம் வழங்கும் இரு அதிகாரிகள் ஒருமுறை கலந்து பேசினால், ஆற்றின் இரு கரையிலும் நிலமுள்ளவரின் பயிர்க்காவல் உரிமத்தில் இரு கரையும் இடம்பெற்றுவிடும். அதற்குத் தில்லியின் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நவரை நடவு முடிந்து கதிர் வருவதற்கு இடையே கிடைக்கும் இரண்டு மாதம் அதற்குப் போதும்.